ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: பெட்ரோல் ஹோஸ் எல்லாம் வெடித்துவிட்டது, எந்த ரப்பர் வாங்குவது?

கொருக்குப்பேட்டை ஹெரால்ட்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3 இருக்கிறது. வண்டலூர் தொழிற்சாலையில் உருவான வண்டி, அப்பா காலத்திலிருந்து வேறு கைக்குப் போகவில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் ஷெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறுகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. பானெட்டைச் சாய்த்துப் பார்த்தேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் லைனில் இருக்கிற ரப்பர் துண்டை லேசாக வளைத்தாலே வெளிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வெடிப்பு வாய் திறக்கிறது. கிளிப் கடிக்கிற இடத்தில் வெடிப்பு இன்னும் ஆழம், நகம் உள்ளே போகிறது.

மெக்கானிக் அண்ணன் பல வருடமாக இந்த வண்டியைப் பார்க்கிறவர், எஞ்சின் வேலையில் அவர் கையை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். அவர் "முன்னாடி இருக்கிற துண்டை மட்டும் மாத்தினா போதும், பைக்குக்குப் போடுற டியூபே தாங்கும்" என்கிறார். எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. பங்கில் இப்போது கிடைப்பதெல்லாம் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோல். எந்த ஹோஸ் வாங்கலாம், எங்கே கிடைக்கும், எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் பத்மினி

முதல் வேலையாக பேட்டரி எர்த்தைக் கழற்றி வையுங்கள். ஹோஸ் மாற்றும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், ஷெட் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். தரையில் சொட்டு இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். நம்ம ஊர் சூட்டில் கசிகிற பெட்ரோல் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, ஷெட்டின் அடியில் தேங்கி நிற்கும். ஷெட்டில் பள்ளம் இருந்தால் இன்னும் மோசம்.

ஹெரால்டில் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. பம்ப் எஞ்சினுக்கு ஒரு பக்கம், கார்புரேட்டர் மறுபக்கம், நடுவில் லைன் எஞ்சினின் முன்புறமாகச் சுற்றிக்கொண்டு போகும். கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட், அதாவது எஞ்சின் புகை வெளியேறுகிற, கொதிக்கும் சூட்டில் இருக்கிற குழாய். அந்த முனையில் ஹோஸ் விட்டால் பெட்ரோல் போய் விழுகிற இடம் அதுதான். இதை எண்ணிப் பார்த்த பிறகு யாருக்கும் பைக் டியூப் போட மனசு வராது.

தண்டையார்பேட்டை ரப்பர்

ரப்பர் மோல்டிங் தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்களில் போட்ட பெட்ரோல் ஹோஸ் எல்லாம் நைட்ரைல் ரப்பர். சுத்த பெட்ரோலுக்கு அது நல்ல ரப்பர்தான், குறை சொல்ல முடியாது. எத்தனால் சேர்ந்ததும்தான் கதை மாறுகிறது. ரப்பரை வளைந்து கொடுக்க வைக்க அதற்குள் ஒரு எண்ணெய்ப் பொருள் கலந்திருப்போம். எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பரை ஊற வைத்து, அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். வண்டி தினமும் ஓடி ஹோஸ் நனைந்தே இருந்தால் ஊறிப்போய்க் காலத்தை ஓட்டும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து லைன் காய்ந்துவிட்டால், ஊறிய ரப்பர் சுருங்கி, உள்ளே எண்ணெயும் இல்லாமல், முறுக்கு மாதிரி உடையும். ஆசைக்கு மட்டும் வெளியே எடுக்கிற பழைய வண்டிகளில்தான் இந்தப் பிரச்சினை அதிகம் வருகிறது, காரணம் இதுதான்.

நம் நாட்டில் 5 சதவீத எத்தனால் 2003-லேயே சில மாநிலங்களில் தொடங்கிவிட்டது. நாடு முழுக்கச் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது 2022-ல். 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை ஆரம்பித்து, 2025-ல் அதுவே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. அதாவது உங்கள் வண்டியில் இருக்கும் ஹோஸ் எப்போது போட்டதாக இருந்தாலும், அதைச் செய்தவன் இ20-ஐ நினைத்துச் செய்திருக்க வாய்ப்பில்லை.

இனி வாங்க வேண்டியது. ஹோஸ் மேலே எஸ்ஏஇ ஜே30 என்ற தரக் குறியீடு அச்சடித்து அதற்குப் பக்கத்தில் ஆர்6, ஆர்7, ஆர்9 என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆர்6-ம் ஆர்7-ம் கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த ஹோஸ், உள் அடுக்கு பெரும்பாலும் நைட்ரைல். ஆர்9 இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு, அதாவது பெட்ரோலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சுகிற வண்டிக்கு வந்தது. அதன் உள் அடுக்கு ஃப்ளூரோ ரப்பர், கடையில் வைட்டான் என்று கேட்டால் புரியும். உங்கள் ஏசி பம்ப் (ஏசி என்பது கம்பெனி பெயர், எஞ்சினே ஆட்டுகிற பெட்ரோல் பம்ப்) கொடுப்பது இரண்டு மூன்று பிஎஸ்ஐ அழுத்தம்தான், அழுத்தத்துக்காக ஆர்9 தேவையே இல்லை. எத்தனாலைத் தாங்கும் அந்த உள் அடுக்குக்காகத்தான் அதைச் சொல்கிறேன். விலை சில மடங்கு கூடுதல். ஆனால் ஒரு ஹெரால்டுக்கு மொத்தமாகத் தேவைப்படுவது எவ்வளவு? கைப்பிடி நீளத்தில் சில துண்டுகள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மின்ட் அம்பாசிடர்

எல்லோரும் சேர்ந்து தம்பியைப் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. என் அம்பாசிடரில் சாதாரண நைட்ரைல் ஹோஸ்தான் காலம் காலமாக ஓடுகிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன், செலவு டீக்காசுதான். வைட்டான் என்று ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு "இனி கவலையில்லை" என்று பத்து வருடம் திரும்பிப் பார்க்காமல் விடுகிறவனைவிட, மலிவானதைப் போட்டு அடிக்கடி மாற்றுகிறவன் பத்திரமாக இருப்பான். இன்னொன்று, ஆர்9 என்று அச்சடித்து வருவதெல்லாம் ஆர்9 இல்லை. அச்சு யார் வேண்டுமானாலும் போடலாம்.

தண்டையார்பேட்டை ரப்பர்

ஐயா சொல்வதில் இரண்டாவது பாதியை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். போலி நிறைய இருக்கிறது. வாங்கும்போது ஹோஸைக் குறுக்கே வெட்டச் சொல்லி முனையைப் பாருங்கள். உள்ளே மெல்லிய அடுக்கு, நடுவில் நூல் பின்னல், வெளியே தோல் என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளிவரை ஒரே கறுப்பு ரப்பராக இருந்தால் வாங்காதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, வெர்னியரில் விட்டமும் நீளமும் அளந்து குறித்துவிட்டு, மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் பங்க் பெட்ரோல் ஊற்றி மூழ்க வையுங்கள். இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள், மொட்டை மாடியில் நிழலான மூலையில் வையுங்கள். சில வாரம் கழித்து எடுத்து அளந்தால், பிறகு காயவிட்டு வளைத்தால், எது என்ன ரப்பர் என்று அதுவே சொல்லிவிடும்.

முதல் பாதியில் உடன்பாடில்லை. நைட்ரைல் போட்டு அடிக்கடி மாற்றுவது நடைமுறையில் கண்ணுக்குத் தெரிகிற துண்டுகளுக்குத்தான் நடக்கும். டேங்க் வாயில், சேசிஸ் ஓரத்தில் இருப்பதை யாரும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை படுத்துக்கொண்டு மாற்றுவதில்லை. நெருப்பு பிடிக்கக் காத்திருப்பது அந்தத் துண்டுகள்.

மின்ட் அம்பாசிடர்

சரி, அது நியாயமான பேச்சு. பின்னாடி இருப்பதை நானும் முன்னாடி அளவுக்குப் பார்ப்பதில்லை. அந்த இடத்துக்கு வைட்டான் போடலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

காசிமேடு டீசல்

போட் எஞ்சின் வேலை செய்கிறவன். ஹோஸ் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், நான் கிளிப் பற்றிச் சொல்கிறேன். கடல் காற்றில் சாதாரண முலாம் பூசிய கிளிப் ஒரு மழைக்காலம் தாண்டினாலே துரு ஏறி இறுகிப்போகும், திருகினால் ஸ்க்ரூ தலை மழுங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். அதிலும் பட்டையில் வரிவரியாக வெட்டு இருக்கும் ஸ்க்ரூ கிளிப் சின்ன ஹோஸுக்கு வேண்டாம். அந்த வெட்டுக்குள் ரப்பர் பிதுங்கி அறுபடும், நீங்கள் சொன்ன "நகம் உள்ளே போகிறது" அந்த வேலைதான். பட்டை வழவழப்பாக, ஓரம் மேல்நோக்கி மடிந்து, குறுக்கே ஒரு சின்ன போல்ட் வைத்து இறுக்குகிற வகை இருக்கிறது, இன்ஜெக்‌ஷன் கிளிப் என்று கேளுங்கள். ஹோஸின் விட்டத்துக்குச் சரியான அளவு வாங்க வேண்டும், பெரியதை வாங்கி இறுக்கினால் வட்டமாக உட்காராது.

இறுக்குவதிலும் பலம் காட்டாதீர்கள். பட்டையின் இரண்டு ஓரத்திலும் ரப்பர் லேசாக எழும்புகிறதா, போதும். வண்டி சூடாகி ஆறிய பிறகு இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக் கால் சுற்று கொடுக்கலாம்.

திருவொற்றியூர் மழை

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர், எர்ணாவூர் பக்கமெல்லாம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் பெட்ரோல் ஹோஸோடு நிறுத்தாதீர்கள். சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுண்டிங் எல்லாம் இயற்கை ரப்பர், எண்ணெய் பட்டால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எங்கள் தெருவில் ஒரு அம்பாசிடருக்கு அடியில் இருந்த ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது.

கொருக்குப்பேட்டை ஹெரால்ட்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, ஆனால் எண்ணெய் வரவில்லை, வண்டியும் மேட்டில்தான் நின்றது. ஹோஸ் எங்கே கிடைக்கும் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. புதுப்பேட்டையில் கேட்டேன், பழைய வண்டியிலிருந்து கழற்றியதை நீட்டினார்கள்.

பெரம்பூர் பத்மினி

கழற்றிய ரப்பர் எதையும் வாங்காதீர்கள், இரும்பு சாமானுக்குத்தான் புதுப்பேட்டை. பிராட்வே பக்கம் தொழிற்சாலைகளுக்கு ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் விற்கிற கடைகள் இருக்கின்றன, அங்கே மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஜி.பி. ரோட்டில் இன்ஜெக்‌ஷன் வண்டி உதிரிபாகக் கடை. போகும்போது பழைய துண்டை எடுத்துப் போகாதீர்கள், அது ஊறிப் பெருத்திருக்கும், அளவு தப்பிவிடும். இரும்புக் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர், 5/16 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 8. ஹோஸ் மேல் தயாரித்த காலம் அச்சடித்திருந்தால் அதையும் பாருங்கள், அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

அப்புறம், கேஸ் அடுப்பு டியூப், அக்வேரியம் டியூப் மாதிரி தெரிகிற கண்ணாடி பிளாஸ்டிக் டியூப், இவற்றை எவ்வளவு பேர் சொன்னாலும் போடாதீர்கள். பிளாஸ்டிக் டியூப் மஞ்சளாகி விறைத்துச் சுருங்கும், முனையிலிருந்து தானாகவே கழன்று வரும்.

கொருக்குப்பேட்டை ஹெரால்ட்

வேலை முடிந்தது. மெக்கானிக் அண்ணனும் கூடவே இருந்தார். நீங்கள் எழுதியதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன், முழுசாகக் கேட்டுவிட்டு "அப்ப எல்லாத்தையும் பிரிச்சிடலாம்" என்று அவரே முன்னால் வந்தார்.

வண்டியைத் தெருவில் தள்ளி நிறுத்தி, டேங்கில் இருந்ததைக் கைப்பம்பால் இரும்பு கேனுக்கு மாற்றினோம். வாயால் உறிஞ்சும் பழக்கத்துக்கு இந்த முறை இடமே கொடுக்கவில்லை. வயர் இழுத்துக் கட்டுகிற பல்பு விளக்கும் கிட்டே வரவில்லை, எல்இடி டார்ச் மட்டும்தான். கீழே விழுந்து பல்பு உடைந்தால் அந்த ஒரு பொறி போதும். பவுடர் தீயணைப்பான் பக்கத்திலேயே இருந்தது.

முன்பக்கத் துண்டு எதிர்பார்த்த மாதிரிதான். அசர வைத்தது பம்புக்கு உள்ளே வரும் பக்கத்தில் இருந்த துண்டு. வெளியே பார்த்தால் துணிப் பின்னல் போட்டு அருமையாக இருந்தது, ஒரு வெடிப்பு கிடையாது. பிளேடால் நீளவாக்கில் பிளந்தோம். உள் அடுக்கு ஒரு பக்கம் பின்னலிலிருந்து பிரிந்து, நாக்கு மாதிரி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தைக் கிள்ளினால் விரலில் கறுப்பாகப் பொடி ஒட்டியது. மாதவரம் தாண்டி வேகம் எடுத்தால் வண்டி மூச்சு முட்டுவதும், ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடுவதும் ரொம்ப நாளாக இருக்கிறது. கார்புரேட்டர், காயில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். பெட்ரோல் வேகமாக இழுக்கும்போது அந்த நாக்கு வழியை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரைத் திறந்தால் அடியில் அதே கறுப்புப் பொடி, பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளையான மெயின் ஜெட் ஓரத்திலும் கொஞ்சம்.

அடுத்து டிக்கியில் ஃபில்லர் ஹோஸ், அதாவது பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த துண்டு. யாரோ ஒரு காலத்தில் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். கையில் எடுத்தால் கொழகொழவென்று வீங்கி, கிளிப் இருந்த இடத்தில் மட்டும் இடுப்பு பிடித்திருக்கிறது. காலை வாசத்துக்குப் பெரிய பங்கு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும், டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் பெரிய தடுப்பு ஒன்றும் கிடையாது. ரேடியேட்டர் ஹோஸ் ஏன் இப்படி ஆகிறது என்று ரப்பர் அண்ணன் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டை ரப்பர்

தம்பி, அது இபிடிஎம் ரப்பர். தண்ணீர், நீராவி, கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் தாங்கும். வெயிலுக்கும் அதை அடிக்க ஆளில்லை. பெட்ரோலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் மட்டும் ஆகவே ஆகாது, உறிஞ்சி வீங்கிவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கறுப்பு, விட்டமும் பொருந்திவிடுகிறது, அதனால் இந்தத் தப்பு நிறைய வண்டியில் நடந்திருக்கிறது. பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களும் இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் பங்க் டெலிவரிக்கும் டேங்கர் லாரிக்கும் வருகிற தடித்த ஹோஸ் விற்கிற இடத்தில் ஃபில்லர் அளவுக்கு வெட்டி வாங்கலாம். டேங்க் மூச்சு விடுகிற சின்ன வென்ட் டியூபையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

பெரம்பூர் பத்மினி

மாட்டும்போது எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் இரும்புக் குழாயே ஓடட்டும், ரப்பர் இணைப்புக்கு மட்டும் குட்டையாக இருக்கட்டும். வைட்டான் ஹோஸ் சாதாரண ஹோஸைவிட விறைப்பு, சின்ன வளைவில் மடித்தால் மடங்கி அடைத்துவிடும். குழாய் முனையில் ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும், ஹோஸ் அதைத் தாண்டி ஏறிய பிறகுதான் கிளிப் வர வேண்டும். முனையில் துரு இருந்தால் மெல்லிய எமரித் தாளால் வழித்துவிடுங்கள், சொரசொரப்பான முனை புது ஹோஸின் உள் அடுக்கையே கிழிக்கும். பிளாஸ்டிக் ஃபில்டரை மேனிபோல்ட் பக்கம் தொங்கவிடாதீர்கள், பம்புக்கு முன்னால், சூடு இல்லாத இடத்தில் போடுங்கள்.

கொருக்குப்பேட்டை ஹெரால்ட்

அப்படியே செய்தோம். ஃபில்லருக்கும் வென்ட்டுக்கும்கூடச் சரியான ரப்பர் கிடைத்துவிட்டது. மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் பண்ணாமல், பம்பில் இருக்கும் கைநெம்புகோலை ஆட்டி லைனை நிரப்பினோம். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், எல்லாம் காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் பேட்டரி மாட்டினோம். ஷெட்டில் வாசம் நின்றுவிட்டது, செங்குன்றம்வரை வேகமாகவே போய் வந்தேன், மூச்சு முட்டவில்லை.

ஒன்றே ஒன்று. பம்ப் உடம்பின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையில் லேசாக ஈரம் தெரிகிறது.

மின்ட் அம்பாசிடர்

டயாஃபிரம், அதாவது பம்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளுகிற சவ்வு, போய்விட்டது தம்பி. அந்த ஓட்டை வைத்திருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கத்தான். அதுவும் நைட்ரைல் பூசிய துணிதான், ஹோஸுக்கு ஆனது அதற்கும் ஆகும். உடனே எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் இருந்தாலோ, ஆயில் அளவு ஏறியிருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் ஓட்டை வழியாக வெளியேயும் வரும், எஞ்சினுக்குள் ஆயிலோடும் கலக்கும், பேரிங் எல்லாம் தேய்ந்து போகும். ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் டயாஃபிரமா என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டரில் ஊசி வால்வையும் வைட்டான் நுனி வைத்ததாக மாற்றிவிட்டால் அந்தப் பக்கம் வேலை முடிந்தது.

கொருக்குப்பேட்டை ஹெரால்ட்

பார்த்துவிட்டேன் ஐயா. ஆயிலில் வாசம் இல்லை, அளவும் ஏறவில்லை. ஆனாலும் கிட் வரும்வரை வண்டி நிற்கட்டும் என்று பேட்டரி எர்த்தைத் திரும்பக் கழற்றிவிட்டேன். இ20-க்கு ஜெட் மாற்ற வேண்டுமா?

பெரம்பூர் பத்மினி

இப்போதைக்கு வேண்டாம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் காற்று தூக்கலாகத்தான் போகும். ஆனால் இத்தனை நாள் பாதி அடைத்த லைனில் ஓடிய வண்டி, இப்போது ஜெட்டைத் தொட்டால் எது எதனால் என்று தெரியாது. டயாஃபிரம் மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நுனி வெளுத்துப்போய் இருந்து, ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது கார்புரேட்டரில் இருமல் சத்தமும் வந்தால் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போடலாம். பிளக் பழுப்பாக இருந்தால் எதையும் தொட வேண்டாம்.

மின்ட் அம்பாசிடர்

தம்பி, உங்களிடம் 8 மில்லிமீட்டர் வைட்டான் ஹோஸ் மீதி இருக்கிறதா? அரை மீட்டர் போதும், டேங்க் பக்கம் போடலாம் என்று பார்க்கிறேன். டிக்கியைத் திறந்து பார்த்தேன், என் வண்டியிலும் ஃபில்லரில் ரேடியேட்டர் ஹோஸ்தான்.

கொருக்குப்பேட்டை ஹெரால்ட்

அரை மீட்டருக்கு மேலேயே இருக்கிறது ஐயா, கிளிப்பும் நான்கு மீதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்ட் பக்கம் வருகிறேன், கொண்டு வந்து தருகிறேன். அதுவரை அம்பாசிடரை எடுக்காதீர்கள்.